மேட்டில் மூச்சு வாங்கும் சேடக்: அறிகுறி பார்த்துப் பழுது பிடிப்பது

என் சேடக் ஸ்கூட்டர் பத்து வருடத்துக்கு மேல் பெரியப்பா வீட்டு விறகுக் கொட்டிலில் கிடந்தது. அவர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த காலத்தில் வாங்கியது. கோழி முட்டையிடும் இடமாகிவிட்டிருந்த அதைத் தலவாக்கலைக்குக் கொண்டுவர வெளியே இழுத்தபோது பெரியம்மா ஒன்றுதான் கேட்டார்: "இத ஓட்டப் போறியா, இல்ல பூச்சட்டி வைக்கப் போறியா?"

ஓட்டத்தான் போனேன். ஆனால் முதல் ஆறு மாதம் நான் செய்தது திருத்த வேலையே அல்ல. யார் என்ன சொன்னாலும் அந்தச் சாமானை வாங்கி மாற்றினேன். நல்ல கொயிலைக் கழற்றி வீசியிருக்கிறேன், நல்ல பிஸ்டன் வளையத்தை மாற்றியிருக்கிறேன். வண்டி முன்பு இருந்தபடியே இருந்தது. அப்புறம்தான் வண்டி என்ன செய்கிறது என்று பார்த்து அதிலிருந்து பின்னால் போகப் பழகினேன். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

இது சேடக்கை வைத்து எழுதியது. பழைய பஜாஜ் 150, அந்தக் காலத்து 150 வெஸ்பா ஆகியவற்றுக்கும் பெரும்பகுதி பொருந்தும், எல்லாம் ஒரே வம்சம். பியாஜியோ உரிமத்தில் ஸ்கூட்டர் செய்துகொண்டிருந்த பஜாஜ், அந்த உரிமம் 1971இல் முடிந்த பிறகு 1972இல் சேடக்கைக் கொண்டுவந்தது. லம்ப்ரெட்டா வேறு குலம். அதன் எஞ்சின் நடுவில் இருக்கும், உள்ளே செயின் ஓடும். அதற்கு இந்தக் குறிப்பை அப்படியே நம்ப வேண்டாம்.

உதைத்து உதைத்துக் கால் ஓய்கிறது, உயிர் வரவில்லை

பிளக்கைக் கழற்றுங்கள். காய்ந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா? அடுத்து எந்தப் பக்கம் போவது என்பதை அதுவே சொல்லிவிடும்.

காய்ந்திருந்தால் பெற்றோல் வந்து சேரவில்லை. பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டு டெப்பைத் திறவுங்கள். ஒழுங்காக ஓடினால் அடைப்பு காபரேட்டருக்குள். கொஞ்சம் ஓடிச் சொட்டாக மாறினால் டாங்கி மூடியில் உள்ள காற்றுத் துவாரத்தைப் பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டிகளில் பெயின்ட்காரர் அந்தத் துவாரத்தையும் சேர்த்து அடைத்துவிட்டிருப்பார். எனக்கு நடந்தது அதுதான்.

2022 ஜூலையில் கியூஆர் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளந்து கொடுத்தபோது பல வீடுகளில் இரண்டாவது வண்டி அப்படியே மூலையில் நின்றுவிட்டது. அப்போது டாங்கியில் இருந்த பெற்றோல் இப்போது பெற்றோல் இல்லை. மூடியைத் திறந்தால் தச்சுப் பட்டறை வார்னிஷ் மாதிரி நாறும். அது காய்ந்து பழுப்புப் பிசினாகி, பெற்றோலை அளந்துவிடும் சிறு துவாரமுள்ள ஜெட்டுகளை அடைத்திருக்கும். அந்தப் பெற்றோலில் புதிதை ஊற்றிக் கலந்து ஓட்டிப் பார்ப்போம் என்று நினைக்க வேண்டாம், முழுவதையும் வடித்துவிடுங்கள். காபரேட்டரைப் பிரித்துச் சிறிய ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துவாரம் ஒரு புள்ளியாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் காபரேட்டர் கழுவும் மருந்தில் ஊறவைத்து, காற்றடித்து, தூரிகையில் இருந்து பிடுங்கிய நைலோன் மயிரால் குத்துங்கள். கம்பியை நுழைத்தால் துவாரம் பெரிதாகும். பிறகு அந்த ஜெட்டின் மேல் எழுதியிருக்கும் இலக்கத்துக்கு அர்த்தமே இல்லை.

பிளக் நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது, நெருப்புத்தான் இல்லை. அல்லது பெற்றோல் அளவுக்கு மீறி வருகிறது. பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, எஞ்சினின் வெறும் இரும்பில் தொடவைத்து உதையுங்கள். பிளக் துவாரத்துக்குப் பக்கத்தில் மட்டும் பிடிக்க வேண்டாம், அதற்குள்ளிருந்து பெற்றோல் ஆவி பீய்ச்சும். பொறி நீலமாகச் சடக்கென்று பாய்ந்தால் நல்லது. சிவந்து சோம்பலாக வந்தாலோ வராவிட்டாலோ பொயின்டுக்குப் போங்கள். மெக்னட் என்ற சுழல்சக்கரத்துக்குள் திறந்து மூடிப் பொறியை எழுப்பும் தொடுமுனை அது. பல வருடம் நின்ற வண்டியில் பொயின்டின் முகத்தில் சாம்பல் நிறப் படலம் பிடித்திருக்கும். மெல்லிய எமரித் தாளால் ஒரு தடவை இழுத்து, பிறகு வெறும் வெள்ளைத் தாளைச் செருகி இழுத்துத் துடையுங்கள். எமரித் தூள் உள்ளே தங்கக் கூடாது. பொயின்ட் இடைவெளி முழுவதும் திறந்த நிலையில் 0.4 மில்லிமீற்றர் அளவிலும், பிளக் இடைவெளி 0.6 மில்லிமீற்றரிலும் இருக்கட்டும்.

இங்கே இன்னொன்று. காலையில் மூடுபனி, வண்டி எழும்பாது. பத்து மணிக்கு வெயில் பட்டதும் முதல் உதையில் எழும்பும். இப்படியானால் காபரேட்டரைத் தொடவே வேண்டாம். பிளக் தொப்பியும் பிளக் வயரும் ஈரத்தில் கரன்டைக் கசியவிடுகின்றன. இருட்டில் உதைத்துப் பார்த்தால் வயரின் வெடிப்புகளில் நீலமாக மினுங்குவது கண்ணுக்கே தெரியும். இரண்டையும் மாற்றுங்கள், பெரிய செலவில்லை.

பிளக்கில் இருந்து பெற்றோல் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தால் இரவு டெப்பை மூடாமல் சரிவில் நிறுத்தியிருப்பீர்கள். லயத்து வாசலில் சமதரை எங்கே இருக்கிறது? மிதவையின் ஊசி கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் போதும், விடிவதற்குள் எஞ்சினின் அடிவயிறு பெற்றோலால் நிறைந்துவிடும். டெப்பை மூடி, பிளக்கைக் கழற்றி, அக்சிலேட்டரை முழுவதும் திருப்பிப் பிடித்து, பதினைந்து தடவை உதையுங்கள். அந்த நேரம் பக்கத்தில் யாரும் சிகரெட்டோடு நிற்கக் கூடாது.

எழும்புகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது

நின்ற அந்த நிமிடத்திலேயே இரண்டு சோதனை செய்ய வேண்டும். வீட்டுக்குத் தள்ளிவந்து ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், உங்களுக்குத்தான் பைத்தியம் பிடிக்கும்.

முதலில் டாங்கி மூடியைத் திறவுங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுபட்டு, பிறகு வண்டி எழும்பினால் மேலே சொன்ன மூடித் துவாரம்தான். சத்தம் இல்லையா? பொறியைப் பாருங்கள். பொறி செத்திருந்து, இருபது நிமிடத்தில் தானாக உயிர் பெற்றால் கொன்டென்சர் அல்லது கொயில். கொன்டென்சரைச் சந்தேகிக்க ஒரு சாட்சி உண்டு. மெக்னட்டின் மூடியைக் கழற்றிவிட்டு வண்டியை ஓடவிட்டு, சன்னல் துவாரங்கள் வழியாக மங்கிய வெளிச்சத்தில் பொயின்டைப் பாருங்கள். அங்கே சின்னதாக நீலப்புள்ளி தெரிவது வழக்கம். வெள்ளையாகப் பெரிதாகத் தெறித்தால் கொன்டென்சர் போய்விட்டது. லிந்துலைக்கு மேலே ஒரு வளைவில் நான் இதை முதன்முதலில் பார்த்தேன். அதற்கு முன் இரண்டு கொயில் வாங்கியிருந்தேன்.

பொயின்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரொனிக் முறைக்கு மாறுவது இந்த வண்டிக்குச் செய்யக்கூடிய நல்ல மாற்றங்களில் ஒன்று என்பது என் கருத்து. மெக்னட்டுக்குள் இருக்கும் கொயில் தட்டையும் மெக்னட்டையும் ஒரே செட்டாக வாங்குங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் பொருந்தாது.

மேட்டில் இழுக்கவில்லை

மலைநாட்டில் அதிகம் கேட்கும் புகார் இது. அதிகம் பணம் வீணாவதும் இதில்தான். இதற்குள் நான்கு வெவ்வேறு பழுதுகள் ஒளிந்திருக்கின்றன, பிரித்துப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளச் வழுக்குகிறது. முதலில் லீவரில் கேபிளுக்குக் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள், இழுத்துக் கட்டியிருந்தால் கிளச் எப்போதும் அரைகுறையாகத் திறந்தே இருக்கும். அப்புறம் கியர் ஒயில். இந்தக் கிளச் ஒயிலில் மூழ்கி ஓடுவது, தட்டில் இருப்பது கோர்க். உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்த விலை உயர்ந்த கார் ஒயிலை ஊற்றினால் வழுக்கத்தான் செய்யும். சாதாரண எஸ்ஏஈ 30 ஒயில், 250 மில்லிலீற்றர், அதுவே போதும்.

சத்தமும் ஏறவில்லை, முக்கிக்கொண்டு நிற்கிறது, சைலன்சர் வாயில் கைவைத்தால் காற்று மெதுவாகத்தான் வருகிறது என்றால் கரி அடைத்திருக்கிறது. சைலன்சரைக் கழற்றிக் கரியை எரித்தோ சுரண்டியோ எடுங்கள். சிலிண்டரின் வெளியேறும் வாயிலும் கரி வளையம் கட்டியிருக்கும். பிஸ்டனை மேலே ஏற்றி அதை மூடிய பிறகு, மரக்குச்சியால் சுரண்டுங்கள்.

காற்று வடிகட்டி அடைத்திருந்தாலும் இதே கதைதான். கழுவினால் முடிந்தது.

இவை எல்லாம் சரி, ஆனாலும் மேட்டில் "பொட பொட பொட" என்று தடுமாறுகிறது, பிளக் கரிக்கட்டியாக வருகிறது. இதுதான் நாலாவது, நான் ஆறு மாதம் அலைந்தது இதற்குத்தான். கடைசியில் ஹட்டன் பக்கத்தில் ஒரு பழைய மெக்கானிக் பாஸ் பிளக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, மேல இருக்கிற காத்துக்கு நீங்க கொழும்புச் சாப்பாடு போடுறீங்க."

அவர் சொன்னதன் கணக்கு இது. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். தண்ணீர் 100 பாகைக்கு முன்பே, ஏறக்குறைய 94இல் கொதித்துவிடுவதும், பருப்பு வேகப் பிந்துவதும் இதனால்தான். காபரேட்டருக்கு இது தெரியாது. மெலிந்த காற்றோடும் அது கிட்டத்தட்ட பழைய அளவிலேயே பெற்றோலைக் கலக்கிறது. கலவை கனத்துப் போகிறது, எரியாத மிச்சம் கரியாகிறது. ஹட்டன், பண்டாரவளை எல்லாம் 1200 மீற்றருக்கு மேல். அங்கேயும் இது தெரியும், நுவரெலியா அளவுக்கு இல்லை.

மருந்து, பிரதான ஜெட்டை ஒரு அளவு குறைப்பது. ஒன்று மட்டும் குறைத்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். நீண்ட ஏற்றத்தில் மூன்றாம் கியரில் அக்சிலேட்டரை முழுதாகப் பிடித்து ஒரு கிலோமீற்றர் ஏறுங்கள். ஏறிக்கொண்டிருக்கும்போதே கிளச்சைப் பிடித்து எஞ்சினை நிறுத்தி, ஓரம் கட்டி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் பகுதி பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் சரி. பிளேன்டீ மாதிரிக் கறுத்து மினுங்கினால் இன்னும் கனம். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் அளவுக்கு மேல் குறைத்துவிட்டீர்கள், உடனே பழைய ஜெட்டைப் போடுங்கள். கனமான கலவை பிளக்கைத்தான் கெடுக்கும். மெலிந்த கலவை பிஸ்டனையே தின்றுவிடும்.

ஜெட்டைக் குறைத்தால் தடுமாற்றம் போகும், சமவெளியின் பலம் வராது. காற்றே ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருக்கும்போது 145 சிசி எஞ்சின் அந்த அளவுக்குப் பலவீனமாகத்தான் இருக்கும். இரண்டு பேரோடு றம்பொடை ஏற்றத்தில் இரண்டாம் கியர் என்றால் அது பழுது இல்லை.

கழற்றிய ஜெட்டைத் துணியில் சுற்றிக் கருவிப் பைக்குள் வைத்திருங்கள். மலைக்குப் பொருத்திய ஜெட்டோடு கினிகத்தேனை தாண்டி, கித்துல்கலைக்கு இறங்கி, அவிசாவளைச் சமதரையில் முழு வேகத்தில் போனால் அங்கே காற்று கனம், பெற்றோல் போதாது. எஞ்சின் இறுகிவிடும்.

இறக்கத்தில் இறுகிவிட்டது

நன்றாக இறங்கிக்கொண்டிருந்த வண்டி கீச்சென்று முனகி, பின்சக்கரம் இழுபட ஆரம்பிக்கும். அந்த நொடியில் செய்ய வேண்டியது கிளச்சைப் பிடிப்பது மட்டும்தான். இறக்கத்தில் இறங்கும்போது ஒரு விரல் கிளச் லீவரிலேயே இருக்கட்டும்.

ஏன் இறக்கத்தில்? இந்த எஞ்சினுக்கு எண்ணெய் பெற்றோலோடு கலந்துதான் போகிறது. அக்சிலேட்டரை மூடிவிட்டு இரண்டாம் கியரில் நீண்ட சரிவில் இறங்கினால் எஞ்சின் வேகமாகச் சுழலும், பெற்றோல் போகாது, ஆகவே எண்ணெயும் போகாது. பிஸ்டன் காய்ந்துபோய் உரசுகிறது. நியூட்ரலில் விட்டு இறங்குவதும் பதில் இல்லை, இந்த டிரம் பிரேக்குகளை நம்பி அதைச் செய்ய வேண்டாம். கியரிலேயே இறங்குங்கள், ஆனால் ஒவ்வொரு வளைவு தாண்டியதும் அக்சிலேட்டரை ஒருமுறை சின்னதாகத் திருப்பிவிடுங்கள். எஞ்சினுக்கு ஒரு வாய் எண்ணெய் கிடைக்கும்.

கலவை 2 வீதம், அதாவது லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் டூடீ (டூஸ்ட்ரோக்) ஒயில். கண்ணால் அளந்து ஊற்றுபவர்கள் ஏராளம். இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள், அதில் கோடு போட்டிருக்கும்.

ஆறியதும் உதைத்தால் எழும்பிவிடும், அதை நம்பி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஹெட்டைத் திறந்து சிலிண்டர் சுவரைத் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் கீறல் இருந்தால் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி (போர் பண்ணி) ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும்.

அக்சிலேட்டரை விட்டும் இரைச்சல் இறங்கவில்லை

கேபிள் சிக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பெயின்ட் அடித்து மாட்டிய ஹேண்டிலில் இது சகஜம். கேபிள் சரியென்றால் எங்கோ வெளிக்காற்று உறிஞ்சப்படுகிறது. சோக்கை இழுத்துப் பாருங்கள், இரைச்சல் ஒழுங்குக்கு வந்தால் சந்தேகமே வேண்டாம். காபரேட்டரின் அடிப் பேக்கிங், அல்லது மெக்னட் பக்க ஒயில் சீல். சீலை மெக்னட்டும் தட்டும் கழற்றி வெளியிலிருந்தே மாற்றலாம். இறுகிய மெக்னட் நட்டைக் கழற்றும்போது ஸ்க்ரூடிரைவரை விசிறி இதழுக்குள் மாட்டி நிறுத்துபவர்கள் உண்டு. இதழ் உடையும். பிளக் துவாரம் வழியாக ஒரு முழம் நைலோன் கயிற்றைச் சிலிண்டருக்குள் திணித்து, நுனியை வெளியே விட்டு நட்டைத் திருப்புங்கள். பிஸ்டன் கயிற்றில் மோதி நின்றுவிடும். பிறகு கயிற்றை இழுத்தால் சரி.

வெள்ளைப் புகை ஓயவே இல்லை

குளிரில் எழுப்பியதும் வரும் புகை வேறு. சூடான பிறகும் தெருவே மறைகிறது, பின்னால் வரும் த்ரீவீல்காரர் திட்டுகிறார் என்றால் கியர் ஒயில் அளவைப் பாருங்கள். குறைந்துகொண்டே போனால் கிளச் பக்க ஒயில் சீல் வழியாக எஞ்சின் அதைக் குடிக்கிறது. சில வேளை எதிர்மாறாக நடக்கும், ஒயில் கூடும், முகர்ந்தால் பெற்றோல் நாறும். இரண்டுக்கும் சீல் ஒன்றுதான். ஆனால் இதற்கு எஞ்சினை இரண்டாகப் பிளக்க வேண்டும். அப்படிப் பிளப்பதென்றால் பேரிங், இரண்டு சீல், கியர் குரோஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடுங்கள்.

சாமானுக்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர்கள் பழைய சாமானைக் கையில் கொண்டுபோங்கள். பழைய டூஸ்ட்ரோக் த்ரீவீல் எஞ்சினும் இந்தக் குடும்பம்தான் என்பதால் "இது சரியா வரும்" என்று நீட்டுவார்கள். சிலது வரும், சிலது ஒரு மில்லிமீற்றரில் வராது. பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கியர் துள்ளுகிறது

இரண்டாம் கியரில் ஏறும்போது "டக்" என்று கழன்றால் உடனே எஞ்சினைத் திறக்க வேண்டாம். ஹேண்டிலில் இருந்து போகும் இரண்டு கேபிள்களும் ஒரே இறுக்கத்தில் இருக்கின்றனவா, ஹேண்டிலில் உள்ள இலக்கமும் உள்ளே விழும் "கிளிக்"கும் ஒத்துப்போகிறதா என்று சரிசெய்து பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கியர்களுக்குள் நகரும் சிலுவை வடிவச் சாமான், பாஸ்மார் குரோஸ் என்பது, மூலை உருண்டு தேய்ந்திருக்கும். புதியதன் மூலையை விரலால் தடவினால் கூர்மை தெரியும்.

பின் பிரேக் பிடிக்கவில்லை

டிரம்முக்குள் எண்ணெய் இருந்தால் சக்கரத்து ஒயில் சீல். ஊறிய பிரேக் ஷூவைப் பெற்றோலில் கழுவி மாட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த இறக்கத்தில் சூடேறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் திரும்ப வெளியே வரும். புதிது வாங்குங்கள். சக்கரத்தின் ரிம் இரண்டு துண்டாகப் பிரிவது என்பதால் டயர் மாற்றும்போது ரிம் நட்டைத் தொடுவதற்கு முன் காற்றை முழுவதும் இறக்கிவிடுங்கள். காற்றோடு திறந்தால் ரிம் முகத்துக்கே பறக்கும்.

பெயின்ட் அடித்தேன், லைட் எரியவில்லை

அழகுபடுத்தியவர்களுக்கே வரும் பழுது இது. வண்டியின் உடல் தகட்டில் ஒவ்வொரு போல்ட்டும் எர்த் வயருக்குப் பாதை. பவுடர் கோட்டிங்கோ தடித்த பெயின்டோ அந்தப் பாதையை மூடிவிடும். ஹோர்ன் மூக்கடைத்த மாதிரி முனகும், முன் லைட் மினுக்மினுக்கென்று எரியும், ஆள் வயரிங் முழுவதையும் புதிதாக வாங்குவார். எர்த் வயர் மாட்டும் இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பெயின்டைச் சுரண்டி, மாட்டி, மேலே கிரீஸ் தடவுங்கள். பழைய 6 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பல்ப் போட்டுவிட்டு மங்கல் என்று சொல்பவர்களும் உண்டு, பல்பின் அடியைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

பெயின்ட் அடித்த மறுநாள் மேலே பால் தெளித்த மாதிரி வெண்படலம் பூத்திருந்தால் அது மூடுபனி செய்த வேலை. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. எங்கள் பக்கம் மாலை மூன்று மணிக்குப் பிறகு அடிக்கவே கூடாது. காலை பத்துக்கு மேல், வெயில் ஏறிய நாளாகப் பார்த்து அடியுங்கள். கால் வைக்கும் தட்டின் அடியில் துருவைச் சுரண்டாமல் பட்டி போட்டு மூடினால் ஒரே மழைக்காலத்தில் கொப்புளிக்கும். அங்கே டிங்கரிங் செய்து புதுத் தகடு வெல்ட் பண்ணுவதுதான் வேலை.

நிறத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும். எனக்கு மஞ்சள் அடிக்கத்தான் ஆசை இருந்தது. பெரியப்பாவின் புத்தகத்தில் பச்சை என்று இருந்தது. பச்சையே அடித்தேன்.